குதிரைப் பணம்



இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியர் வைத்துவிட்டுப் போன நிபந்தனை ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு முறை, இந்த ஆவுடையார்கோவில் ஊர்ப் பிள்ளைகளின் பிழைப்புக்கு உதவுகிற ஏதாவது ஒன்றைப் பற்றி, அதில் அடிபட்ட ஒருவர் பேச வேண்டும். என்னைக் கூப்பிட்டதும் தலைப்புக்காக நான் யோசிக்கவில்லை. முப்பது வருடமாக அறந்தாங்கியிலும் புதுக்கோட்டையிலும் உரிமையியல் வழக்கு நடத்துகிறேன். கட்டுக் கட்டாக வருவது நிலத் தகராறு. அதற்கு அடுத்தபடி கடை வாடகைத் தகராறு. நிலத் தகராறில் வருகிறவர் தாத்தா காலத்துக் கோபத்தோடு வருவார். கடை வாடகைக்கு வருகிறவர் இருபத்தைந்து வயதுப் பையனாகவோ பெண்ணாகவோ இருப்பார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மின்கட்டண ரசீது, ஓரம் கிழிந்த ஒரு பத்திரம். “அண்ணன்தான் சார் கடை ஓனர், நல்ல மனுசன்னுதான் நினைச்சேன்” என்றுதான் பேச்சு தொடங்கும்.

ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. பழைய நாள் சிற்பிகள் கோவில் திருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதும்போது, எந்த வேலையும் செய்து தருகிறோம், ஆனால் ஆவுடையார்கோவில் கொடுங்கை, கடாரங்கொண்டான் மதில், தஞ்சைக் கோபுரம், திருவலஞ்சுழிப் பலகணி இவையெல்லாம் நீங்கலாக என்று எழுதிக்கொள்வார்கள் என ஒரு வழக்கு உண்டு. கல்லை மரச்சட்டம்போல இழைத்து, ஆணியும் குமிழும்கூடக் கல்லிலேயே காட்டியிருக்கும் அந்தக் கொடுங்கைத் தாழ்வாரத்தின் கீழ் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சிற்பிகளின் பயம் புரியும். நாம் இதை ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வக்கீலாகிய எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தன்னால் ஆகாதது எது என்பதை உளி எடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொண்ட தொழிலாளி தெரிகிறான். “நீங்கலாக” என்ற அந்த ஒரு சொல்லுக்கு வக்கீல் ஃபீஸ் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இந்த ஊருக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கிவரச் சொல்லிப் பணம் கொடுத்து அனுப்பினான். அமைச்சர் வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர், திருப்பெருந்துறை என்ற இந்த ஊருக்கு வந்தார், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார், குதிரைப் பணம் முழுவதையும் கோவிலில் போட்டார். பிறகு நரி பரியானதும், பரி மறுபடி நரியானதும், வைகை பெருகியதும் உங்களுக்குத் தெரியும். மாணிக்கவாசகரின் பெயரை எடுத்தால் கைகூப்புகிறவன்தான் நானும். ஆனால் முதல் தொழில் தொடங்கும் பிள்ளைகளிடம் இந்த ஊரிலேயே நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சரக்கு வாங்க வைத்திருந்த பணத்தைக் கட்டடத்தில் போட்டுவிட்டு அரசனுக்குப் பதில் சொல்ல வாதவூரருக்கு ஈசன் இருந்தான். உங்களுக்கு வங்கி மேலாளர்தான் இருப்பார். அவருக்கு நரியைக் காட்டினால் நரி என்றுதான் சொல்வார்.

இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் குதிரைப் பணத்தைப் பற்றியதுதான்.

என் அப்பா தையல்காரர். 1983-இல், அறந்தாங்கியில் ஒருவரிடம் காஜா போட்டுப் பழகி, கட்டிங் கற்று, சொந்தமாக நிற்கலாம் என்று இங்கே கோவிலுக்குப் போகும் வழியில் ஓர் அறை பிடித்தார். எட்டடிக்குப் பத்தடி. வாடகை அறுபது ரூபாய், முன்பணம் ஐந்நூறு. எழுத்து எதுவும் கிடையாது. வெற்றிலை பாக்கில் பணம் வைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். அறையின் தரை குண்டும் குழியுமாக இருந்ததால் சிமெண்ட் போட்டார். துணி வெட்ட நின்றுகொண்டு வேலை செய்யும் உயரத்துக்குச் செங்கல் கால் எழுப்பி, மேலே ஒரு கடப்பைக் கல் பதித்தார். சுவரில் தைத்த துணி வைக்க இரண்டு வரிசை அலமாரி. எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. அதில் ஆயிரம் அம்மாவின் தோடு. தையல் மிஷின்? அது பழையது, ஒருவரிடம் மாத வாடகைக்கு எடுத்தது. சம்பாதிக்கிற மிஷின் வாடகைக்கு, சம்பாதிக்காத கல் சொந்தக் காசில். அப்போது வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, கட்டடக்காரர் வீட்டில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கடை வைத்துக் கொடுக்க வேண்டும், மாசக் கடைசியில் காலி செய்து கொடுத்துவிடு என்றார். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கடப்பைக் கல்லைப் பெயர்க்கலாமா என்று மட்டும் கேட்டார். “சுவரோட சேர்ந்துபோச்சேப்பா, அது கட்டடத்துக்குச் சொந்தம்” என்று பதில் வந்தது. அப்பா நம்பினார். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இல் 108-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாடகைக்காரர் தன் செலவில் பதித்த பொருளை, இடம் தன் கைவசம் இருக்கும் வரை, வாடகைக்கு வந்த நாளில் இடம் இருந்த நிலைமையில் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்று அது சொல்கிறது. அப்பாவுக்கு அது தெரியாது. கட்டடக்காரருக்கும் தெரிந்திருக்காது. நான் சட்டக் கல்லூரியில் அந்த வரியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா அதன்பிறகு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் தைத்தார். பழைய வாடிக்கையாளர்கள் தெருமுனையில் ஒருமுறை விசாரித்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தேடி வந்தது சட்டைக் காலரை. கடப்பைக் கல்லை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். கையில் மூன்று லட்சம் வைத்திருக்கும் ஒரு பெண் இந்த ஊரில் சின்னதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் ஆறாயிரம். பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள், அறுபதாயிரம் போயிற்று. கண்ணாடி அலமாரி, எல்.இ.டி. விளக்கு, முகப்பில் ஏ.சி.பி. ஷீட், பெயர்ப் பலகை என்று கடை “லுக்”காக இருக்க ஒரு லட்சத்து இருபதாயிரம். திறப்பு விழா, பந்தல், பலகாரம் எல்லாம் இருபதாயிரம். மிச்சம் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சம்தான் குதிரை. அதில்தான் வளையலும் கிளிப்பும் பொட்டும் வாங்க வேண்டும். விற்காத முதல் மூன்று மாதத்தின் வாடகையும் கரண்ட் பில்லும் அதிலிருந்துதான். இரண்டாவது மாதம் வரும் வாடிக்கையாளர் கேட்கும் பொருள் இருக்காது. “அடுத்த வாரம் வரும்க்கா” என்பாள். அந்த அக்கா அடுத்த வாரம் அறந்தாங்கி பஸ் ஏறியிருப்பார்.

ஆறாயிரம் வாடகை பெரிதா, சின்னதா என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கக் கூடாது. மாதம் இருபத்தாறு நாள் கடை திறந்தால், ஒரு நாளைக்கு வாடகை சுமார் இருநூற்று முப்பது ரூபாய். நூறு ரூபாய் சரக்கு விற்றால் பதினைந்து ரூபாய் நிற்கும் மளிகைக் கடைக்கு, அந்த இருநூற்று முப்பதைப் பிடிக்கவே தினமும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வியாபாரம் ஆக வேண்டும். அதற்கு மேல் விற்பதில்தான் கரண்டும் ஆள் கூலியும் உங்கள் வீட்டுச் சோறும். நூற்றுக்கு நாற்பது நிற்கும் டிபன் கடைக்கு அதே வாடகையை அறுநூறு ரூபாய் வியாபாரத்திலேயே எடுத்துவிடலாம். ஆகவே ஒரே அறை ஒருவருக்கு மலிவு, இன்னொருவருக்குக் கொள்ளை. இடத்தைப் பார்க்கப் போகும்போது காலண்டரையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள் என்பேன். ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் வரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு யாரும் கடை பிடிக்காதீர்கள். அது விருந்தாளிக் கூட்டம். தாலுகா ஆபீஸ் இருக்கும் வேலைநாளில் காலை பத்து மணிக்கும், பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும், பஸ் நிற்கும் பக்கம் எது, எதிர்ப்பக்கம் எது என்று பார்த்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருங்கள். ஒரு வாரம் உட்கார்ந்தால் செலவு டீக் காசு மட்டும்தான். மீமிசல் சாலைப் பக்கம் கடை வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்துப் பணம் இந்தச் சாலையில் ஏறி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் விசைப்படகு கரையில் கிடக்கும். வாடகை கரையில் கிடக்காது. தடைக்கால இரண்டு மாதம் பாதி வாடகை, மீதியை ஆடி, ஆவணியில் சேர்த்துத் தருகிறேன் என்று பேசிப் பாருங்கள். கேட்காதவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

எழுத்துக்கு வருகிறேன். பதினோரு மாதம், இருபது ரூபாய் பத்திரம் என்று நம் ஊரில் ஒரு மந்திரம் இருந்தது. ஏன் பதினோரு மாதம் என்று கேட்டால் “அதுதான் சட்டம்” என்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையும், வருடாவருடம் தொடரும் குத்தகையும் பதிவு செய்த பத்திரத்தால்தான் ஆகும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு சொல்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் அதையே சொல்கிறது. பதிவுச் செலவைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்தோம், பழக்கமாகிவிட்டது. அந்தச் சிக்கனத்தால் யாருக்கு லாபம்? முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சமானது என்று வாடகைக்காரர் சந்தோஷப்படுகிறார். ஆனால் எழுத்து முடிந்த மறுநாள் அவர் மாதவாடகைக்காரர். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி பதினைந்து நாள் அறிவிப்பு கொடுத்தால் வெளியே போக வேண்டியதுதான். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அலமாரி அடித்தவருக்குப் பதினைந்து நாள்.

இதில் மாவு மில், செக்கு, பேக்கரி வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கதை உண்டு. உற்பத்திக்காக விட்ட இடமென்றால் அறிவிப்புக் காலம் பதினைந்து நாள் இல்லை, ஆறு மாதம். கோதுமையை மாவாக்குவது உற்பத்தியா என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இதந்தாஸ் எதிர் அனந்த் ராமச்சந்திர பட்கே என்று பெயர். கோதுமை வேறு, மாவு வேறு, ஆகவே மாவு மில் உற்பத்தித் தொழில்தான் என்று 1981-இல் தீர்ப்பு வந்தது. மில்காரர்களுக்கு நல்ல காலம் என்று நினைப்பீர்கள். 2001-இல் சமீர் முகர்ஜி எதிர் தவிந்தர் பஜாஜ் வழக்கில் அதே நீதிமன்றம், பதிவு செய்த பத்திரம் இல்லையென்றால் அந்த ஆறு மாதச் சலுகையைக் கேட்க முடியாது, மாதவாடகைதான் என்று சொல்லிவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை பத்திரம் கேட்டு வாங்கிக்கொண்டது. மோட்டாரை கான்கிரீட் போட்டு இறக்குகிறவர் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று எழுதிப் பதிவு செய்துகொள்ளட்டும். பதிவுக் கட்டணம் மோட்டார் சுற்றுக் கூலியைவிட அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் நிறைவேறிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அது நகர்ப்புறத்துக்கானது. அறந்தாங்கி நகராட்சியில் கடை பிடித்தால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கிடையாது. “வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி” என்பதில்தான் எல்லாரும் பத்து மாதம் கொடுக்கிறோம். ஊராட்சி எல்லைக்குள் கடை பிடித்தால், நான் இதுவரை சொன்ன 1882-தான் உங்களுக்கு வேதம்.

யாரிடம் வாடகைக்கு எடுக்கிறோம் என்பது இங்கே சின்ன விஷயம் கிடையாது. இந்தக் கோவில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருப்பது. கோவில் ஊர்களில் பல கடைகள் கோவில் மனையில் நிற்கும். சாவி கொடுப்பவரே கட்டடக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரே கோவிலுக்கு அடிமனை வாடகை கட்டுகிறவராக இருக்கலாம், அப்படியானால் நீங்கள் உள்வாடகை. அவர் மனை பாக்கி வைத்தாலும், உள்வாடகை கூடாது என்று அவர் பத்திரத்தில் இருந்தாலும், பூட்டுவது உங்கள் கடையைத்தான். பட்டா யார் பெயரில், சொத்து வரி ரசீது யார் பெயரில், மனை கோவிலுடையது என்றால் கடைசியாகப் பணம் கட்டிய ரசீது எங்கே, இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். கோவிலோடு நேரடியாக ஒப்பந்தம் போடுகிறவர்கள் அறநிலையச் சட்டம் 1959-இன் 34-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும், இல்லையென்றால் செல்லாது. கோவில் மனையில் கட்டடம் எழுப்பிவிட்டால் மனையையே வாங்கிக்கொள்ளும் உரிமை வந்துவிடும் என்று சிலர் பழைய குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நம்பிப் பேசுவார்கள். 1996-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அறநிலையங்களின் மனை அதிலிருந்து விலக்கப்பட்டாயிற்று. கட்டுகிறவர்களின் ஆசை மட்டும் இன்னும் விலகவில்லை.

சாலையோரம் என்றால் இன்னொரு சோதனை. ஷட்டருக்கு வெளியே எத்தனை அடி உங்களுடையது? நெடுஞ்சாலைத் துறை அளந்து கல் நட்ட பிறகு படிக்கட்டும் கூரையும் சாலை நிலத்தில் இருப்பது தெரியவந்து, ஜே.சி.பி. வந்து நின்ற கடைகளைப் பார்த்திருக்கிறேன். முகப்புக்குச் செலவழித்த காசு முகப்போடு போய்விடும்.

மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்து, நீங்கள் அதில் கடை நடத்தினால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவு அதை அனுமதியற்ற பயன்பாடு என்று சொல்லி இரண்டு மடங்கு கணக்குப் போடும். கட்டடக்காரர் “மாத்திக்கலாம் தம்பி” என்பார். மாற்றிய பிறகு சாவி வாங்குங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். இதைப் பேசாமல் விட்டதில் வந்த சண்டைக்குக் கணக்கே இல்லை.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வரி. நீங்கள் பதிவு செய்தவராகவும் கட்டடக்காரர் பதிவு செய்யாதவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகைக்கான 18 சதவீத வரியை வாடகைக்காரரே நேரடியாகக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்குக் கொடுத்தார்கள். சின்ன வியாபாரத்துக்குப் பதிவே தேவைப்படாமல் இருக்கலாம். உங்கள் ஆடிட்டரிடம் இந்த ஒன்றைக் கேட்டுவிட்டு வாடகையை முடிவு செய்யுங்கள்.

இயற்கைக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியலில் இந்த மாவட்டத்தில் பறந்த தகரத்தையும் ஆஸ்பெஸ்டாஸையும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் வரப் பல இடங்களில் வாரக்கணக்கானது. கூரை போன கடைக்கு வாடகை உண்டா என்று அன்று என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி எழுதி வைத்திருக்கவில்லை. தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ இடத்தின் முக்கியமான பகுதி நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் வாடகைக்காரர் விரும்பினால் குத்தகையை முடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. “நிரந்தரமாக” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மாதம் கரண்ட் இல்லாதது அதில் வராது. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது டெல்லி கான் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டார். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தால்தான் உண்டு, கடையைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை இல்லை என்று சொல்ல முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் சொன்னது. தவணைக்கு மட்டும் கொஞ்சம் காலம் கொடுத்தது. ஆகவே அரசு உத்தரவாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கடை திறக்க முடியாத நாட்களுக்குப் பாதி வாடகை என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். சிற்பிகள் எழுதிய “நீங்கலாக” என்பது அந்த வரிதான்.

கடையே இல்லாமல் தொழில் தொடங்கியவர்கள் நம் பக்கம் புதியவர்கள் இல்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடம். அதில் ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு நிறுவனத்துக்கும், சில அடி இடம். ஒரு பெட்டகம், தரையில் உட்கார்ந்து எழுத ஒரு சாய்வு மேசை, கணக்குப் புத்தகம். அவ்வளவுதான் அலுவலகம். பகலில் லேவாதேவி, இரவில் அங்கேயே பாய். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, பிறகு சொந்தமாக ஒரு பெட்டகம் வைப்பான். மலாயாவிலும் பர்மாவிலும் ரப்பர் தோட்டமும் நெல் வயலும் வாங்கும் அளவுக்குப் பணம் புரட்டியவர்கள், தாங்கள் உட்கார்ந்த இடத்துக்குச் செலவு செய்யவில்லை. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தேக்கும் பளிங்கும் இழைத்தார்களே என்பீர்கள். ஆமாம், இழைத்தார்கள். சம்பாதித்த பிறகு, சொந்த மனையில். எழுபதுகளின் கடைசியில் நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. இன்று பெருநகரங்களில் ஒரு மேசைக்கு மாத வாடகை வாங்கும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிட்டங்கிதான் ஞாபகம் வருகிறது.

இந்த ஊரில் கிட்டங்கி நடக்குமா? நடக்கும். மதியம் இரண்டு மணிக்கு மூடும் டிபன் கடையின் முகப்பு மாலையில் சும்மா இருக்கிறது. ஜெராக்ஸ் கடையின் ஒரு ஓரத்தில் மொபைல் ரிப்பேர் மேசை போடலாம். இரண்டு பெண்கள் ஒரே ஷட்டருக்குள் ஒருவர் தையல், ஒருவர் ஃபேன்சி என்று உட்காரலாம். உங்களுக்குள்ளும் ஓர் எழுத்து வேண்டும், கட்டடக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாணிக்கவாசகர் கதையிலேயே ஒரு சிறுதொழில்காரி இருக்கிறாள். பிட்டு அவித்து விற்ற வந்தி. அவளுக்குக் கடை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அடுப்பு இருந்தது. வைகை உடைத்துக்கொண்டபோது கரையை அடைக்கக் கூலி கொடுக்கக்கூட அவளிடம் காசில்லை, உதிர்ந்த பிட்டைக் கொடுத்தாள். கதையில் யாருக்கும் பாக்கி வைக்காமல் கணக்கு முடித்தவள் அவள் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றும்.

கடையில் கட்டாயம் செலவழிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வேலைக்கு ஆள் வைத்தால் அவர் உட்கார ஒரு நாற்காலி. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் அதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே துணி வெட்டியவரின் மகன் நான். அந்தச் செலவை மட்டும் குதிரைப் பணத்திலிருந்து எடுத்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பேச்சை முடிக்கிறேன். ஒப்பந்தம் போடப்போகிற பிள்ளைகள் யாராக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். படித்துப் பார்த்து, எங்கே “நீங்கலாக” என்று எழுத வேண்டுமோ அங்கே எழுதித் தருகிறேன். ஃபீஸ் கிடையாது. அப்பா தைத்த அதே திண்ணைதான். கொடுத்த பிறகு வருகிறவர்கள் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரலாம், அங்கே ஃபீஸ் உண்டு.